டைம்ஷீட்டில் கற்றலுக்கு ஒரு வரி

மருந்து, சோப்பு, பேட்டரி என்று கடைக்குப் போகும் பொருள்களின் அட்டைப்பெட்டியை வடிவமைப்பது என் வேலை. ஒரு விளம்பர நிறுவனத்தின் பேக்கேஜிங் பிரிவில் பல வருடங்களாக இருக்கிறேன். நடுவில் ரொம்ப நாள் எனக்குப் புதிதாக ஒரு யோசனைகூட வரவில்லை. வேலை குறைந்துபோனதால் வந்த வறட்சி இல்லை அது, மூச்சுவிட நேரமில்லாமல் வேலை ஓடிக்கொண்டிருந்தபோதுதான் வந்தது. அந்தக் காலத்தில் ஒரு பெரிய கிளையன்ட் எங்களை விட்டுப் போனார், எனக்கு வரவேண்டிய சம்பள உயர்வு வரவில்லை, கோர்ஸ்களுக்கென்று ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் செலவழித்தேன், தூக்கமும் போனது. பிறகு மெதுவாக மீண்டு வந்தேன். மீண்டு வந்ததற்குக் காரணம் வாரம் தவறாமல் எதையாவது கற்றுக்கொள்ள ஆரம்பித்தது. இதை எல்லோரும்தான் சொல்கிறார்கள், 'கத்துக்க நேரம் ஒதுக்குங்க' என்று. அந்த நேரத்தை எங்கிருந்து எடுப்பது, யாரிடம் கேட்பது, எடுத்தபின் அதை எப்படிக் காப்பாற்றுவது என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவோ மிச்சமாகியிருக்கும். அதனால் நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

வறட்சி ஒரே நாளில் வந்துவிடாது. முதலில் வேகம் கூடுவதுபோலத்தான் தெரியும். எங்கள் ஆபீஸில் அரைமணிக்கு ஒருமுறை டைம்ஷீட் நிரப்ப வேண்டும். எந்த கிளையன்ட், எந்த வேலை, எவ்வளவு நேரம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கோட் உண்டு. நான் பழைய டைலைனை, அதாவது பெட்டியை எங்கே வெட்டுவது, எங்கே மடிப்பது என்று காட்டும் வரைபடத்தை எடுப்பேன், நிறத்தை மாற்றுவேன், எழுத்துருவைக் கொஞ்சம் தடிமனாக்குவேன், ஸ்டாக் படம் ஒன்றைத் தேடிப் போடுவேன், அனுப்பிவிடுவேன். முன்பு இரண்டு நாள் பிடித்த வேலை அரை நாளில் முடிந்தது. 'செம ஸ்பீடு' என்று பாராட்டினார்கள். பாராட்டினார்கள் என்பதால் இன்னும் நான்கு வேலை கொடுத்தார்கள். இப்படி கைவசம் இருந்த சரக்கையே திரும்பத் திரும்பச் செலவழித்துக்கொண்டிருந்தேன், உள்ளே புதிதாக எதுவும் வரவில்லை. வெளியே பார்ப்பதற்கு நான் நன்றாக வேலை செய்பவள், எனக்குள் மட்டும் ஏதோ சரியில்லை என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

தெரிந்துபோன நாள் நன்றாக நினைவிருக்கிறது. ஒரு சோப்பு வரிசைக்கு மூன்று மாதிரிகள் செய்து மேஜையில் வைத்தோம். கிளையன்ட் தரப்பில் வந்திருந்த பெண்மணி மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் நகர்த்திவைத்துப் பார்த்தார். பிறகு தன் பையிலிருந்து எங்களுடைய பழைய பெட்டி ஒன்றை எடுத்து நாலாவதாக வைத்தார். 'இதுல எது புதுசுன்னு நீங்களே சொல்லுங்களேன்' என்றார். கோபமே இல்லை, உண்மையாகவே கேட்டார். மேலே இடதுபக்கம் லோகோ, நடுவில் ஒரு வளைவு, கீழே இலை. நாலும் அப்படியே. என்னால் வாய் திறக்க முடியவில்லை. அடுத்த ஒப்பந்தம் வேறு நிறுவனத்துக்குப் போனது. மேனேஜர் என்னை ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் வருடாந்திர மதிப்பீட்டில் 'புதுமை' என்ற கட்டத்தில் இருந்த மதிப்பெண் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. அன்று வீட்டுக்கு வந்து அழுதேன். எனக்குள் இருந்த ஏதோ ஒன்று தீர்ந்துபோய்விட்டது, இனி வராது என்றே நினைத்தேன். இந்தப் பயத்தைப் பற்றி யாரும் வெளியே பேசுவதில்லை என்பதால்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன். இதைப் படிக்கும் உங்களுக்கு அந்த நினைப்பு இருந்தால், அது தீர்ந்துபோகவில்லை, உள்ளே வருகிற வழி அடைபட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

அப்புறம் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். ராத்திரி வேலை முடிந்து, வீட்டு வேலை முடிந்து, எல்லோரும் தூங்கியபிறகு லேப்டாப்பைத் திறந்தேன். ஒரு இணைய வகுப்புத் தளத்தில் வருட சந்தா கட்டினேன். அதில் ஒன்று பாதியில் நிற்கும்போதே, தள்ளுபடி என்று பார்த்து இன்னொன்று வாங்கினேன். ஒரு வார இறுதிப் பயிற்சி முகாமுக்குப் போனேன், சான்றிதழ் தருகிற ஒரு படிப்பிலும் சேர்ந்தேன். கண்கள் எரிய எரிய வீடியோ பார்த்தேன், வேகத்தை ஒன்றரை மடங்காக்கிப் பார்த்தேன், காலையில் எழுந்தால் எதைப் பார்த்தேன் என்பதே மறந்திருந்தது. வேலையில் தவறுகள் வர ஆரம்பித்தன. அச்சுக்குப் போன ஒரு கோப்பில் பார்கோடு கிடைமட்டமாக நீண்டுபோயிருந்ததை அச்சகத்திலிருந்து போன் பண்ணிச் சொன்னபிறகுதான் கவனித்தேன். தூக்கத்தை விற்றுக் கற்க முடியாது. அன்று படித்ததை மூளை பதியவைத்துக்கொள்ளும் வேலையில் முக்கியமான ஒரு பங்கு தூக்கத்தில் நடக்கிறது, அதையே வெட்டிவிட்டால் படித்தது எங்கே தங்கும்.

பணத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். வருட சந்தா மாதக் கணக்கில் பார்த்தால் மலிவாகத் தெரியும், ஆனால் நீங்கள் முழுசாகப் பயன்படுத்தினால்தான் அது மலிவு. முதல் மாதம் மட்டும் கட்டுங்கள், அந்த மாதத்தில் ஒரு பாடத்தை முடித்துக் கையால் ஒன்று செய்து பார்த்திருந்தால் மட்டும் அடுத்த மாதம் கட்டுங்கள். சந்தா கட்டிய அன்றே தானாகப் புதுப்பிக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். எனக்கு ஒரு சந்தா நான் திறந்தே பார்க்காத ஒரு வருடத்துக்கும் சேர்த்துப் போய்விட்டது, திரும்பக் கேட்டபோது கெடு தாண்டிவிட்டது என்றார்கள். சான்றிதழ் உங்கள் தொழிலில் யாராவது கேட்கிறார்களா என்று முதலில் விசாரியுங்கள், எங்கள் தொழிலில் ஒருவரும் கேட்பதில்லை, செய்த வேலையைத்தான் பார்க்கிறார்கள். இணையத்தில் இலவசமாகச் சேரும் பெரிய வகுப்புகளில் சேர்பவர்களில் மிகப் பெரும்பாலானோர் முடிப்பதே இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதனால் முடிக்காமல் விட்டதற்காக உங்களை நீங்களே திட்டிக்கொள்ள வேண்டாம், அந்த முறை களைத்துப்போன ஆளுக்காக அமைந்ததில்லை.

படித்தது ஏன் ஒட்டவில்லை என்பதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர், தானே அர்த்தமற்ற அசைகளை மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885-இல் வெளியிட்டார். மறதி முதல் சில மணி நேரத்தில்தான் படுவேகமாக நடக்கிறது, போகப்போக வேகம் குறைகிறது. 2006-இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இருவர் மாணவர்களிடம் செய்து பார்த்த சோதனை எனக்கு இன்னும் உதவியது. ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் நன்றாகச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, படித்துவிட்டு மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள்தான் முந்தினார்கள். நான் வீடியோவைப் பார்த்து முடித்தவுடன் 'புரிந்துவிட்டது' என்ற திருப்தியோடு படுத்துவிடுவேன், அந்தத் திருப்தி ஐந்து நிமிடத் திருப்தி. இப்போது எதைப் படித்தாலும் மூடிவைத்துவிட்டு, ஒரு தாளில் பார்க்காமல் எழுதுகிறேன் அல்லது வரைகிறேன். பத்து நிமிடம் படித்தால் ஐந்து நிமிடம் இதற்கு. எரிச்சலாக இருக்கும், எழுத வராது, அந்த எரிச்சல் இருக்கும்போதுதான் உள்ளே இறங்குகிறது.

ஆனால் முறையை மாற்றினாலும் நேரம் இல்லையே. இங்கேதான் டைம்ஷீட்டுக்கு வருகிறேன். ஒரு மாதக் கடைசியில் என் டைம்ஷீட்டை உட்கார்ந்து முழுதாகப் பார்த்தேன். கிளையன்ட் வேலைக்குக் கோட் இருக்கிறது, மீட்டிங்குக்குக் கோட் இருக்கிறது, கணினி பழுதானால் காத்திருக்கும் நேரத்துக்குக்கூடக் கோட் இருக்கிறது. கற்றுக்கொள்வதற்கு மட்டும் இல்லை. அப்படியென்றால் 'புதுசா யோசிங்க' என்று மீட்டிங்கில் சொல்கிற நிறுவனம், அந்த யோசனைக்குத் தேவையான சரக்கை நான் என் தூக்கத்திலிருந்து வாங்கி வரவேண்டும் என்று எதிர்பார்க்கிறது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, ஆனால் கணக்கு அப்படித்தான் இருந்தது. கோட் இல்லாத வேலை ஆபீஸில் நிலைக்காது. எவ்வளவு ஆர்வம் இருந்தாலும், மூன்றாவது வாரம் ஒரு அவசர வேலை வரும், கோட் உள்ள வேலை கோட் இல்லாததைத் தின்றுவிடும். இதைப் புரிந்துகொண்டது எனக்குப் பெரிய ஆறுதல். என் மன உறுதியில் குறை இல்லை, கணக்கில் ஒரு வரி குறைகிறது.

மேனேஜரிடம் போவதற்குப் பயமாகத்தான் இருந்தது, ஏற்கெனவே மதிப்பெண் குறைந்த ஆள். ஒரு வாரம் தயார் செய்துகொண்டு போனேன். எப்படிக் கேட்பது என்பதில் நான் கண்டது இது. 'எனக்கு வளர்ச்சி வேண்டும்' என்று ஆரம்பித்தால் மனிதவளப் பிரிவுக்கு ஒரு மெயில் போடச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். நான் அந்த நாலு பெட்டிகளின் படத்தை எடுத்துப்போய் அவர் முன்னால் வைத்தேன். போன ஆறு மாதத்தில் எத்தனை வேலை பழைய டைலைனிலிருந்து வந்தது, எத்தனை ரிவிஷன் போனது, ஒவ்வொரு ரிவிஷனும் எத்தனை மணி நேரம் தின்றது என்று என் டைம்ஷீட்டிலிருந்தே எடுத்துக் காட்டினேன். அது கிளையன்ட்டுக்குப் பில் போட முடியாத நேரம், அவருக்கு வலிக்கிற இடம் அதுதான். நான் கேட்டது, வாரத்தில் இரண்டு தடவை, காலையில் ஒரு மணி நேரம், ஒரு கோட், மூன்று மாதம். மூன்று மாதம் கழித்து நிறுத்தலாம் என்றேன். நிறுத்தலாம் என்று நாமே சொல்லிவிட்டால் 'சரி' சொல்வது அவருக்குச் சுலபமாகிவிடுகிறது.

அவர் கேட்ட முதல் கேள்வி 'மூணு மாசத்துல என்ன கிடைக்கும்?' என்பதுதான். அதற்கு நான் 3எம் என்ற அமெரிக்க நிறுவனத்தின் கதையைச் சொன்னேன். அங்கே ஊழியர்கள் தங்கள் நேரத்தில் 15 சதவீதத்தைத் தாங்களே தேர்ந்தெடுத்த வேலையில் செலவிடலாம் என்ற வழக்கம் 1948-இலிருந்து இருக்கிறது. அங்கே ஸ்பென்சர் சில்வர் 1968-இல் ஒரு பசையைக் கண்டுபிடித்தார். நன்றாக ஒட்டாத பசை, ஒட்டும், எடுத்தால் வந்துவிடும். எதற்குப் பயன் என்று யாருக்கும் தெரியவில்லை. அவர் கம்பெனிக்குள் பார்ப்பவர்களிடமெல்லாம் அதைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். அதே கம்பெனியின் ஆர்ட் ஃபிரை தேவாலயப் பாடகர் குழுவில் பாடுபவர், பாட்டுப் புத்தகத்தில் அடையாளத்துக்கு வைக்கும் துண்டுத் தாள் விழுந்துகொண்டே இருந்தது. 1974-இல் அவருக்கு அந்தப் பசை நினைவுக்கு வந்தது. போஸ்ட்-இட் என்ற ஒட்டிப் பிரிக்கும் குறிப்புத் தாள் அமெரிக்கா முழுக்க விற்பனைக்கு வந்தது 1980-இல். பசையிலிருந்து பொருள் வரை பன்னிரண்டு வருடம். 'நான் பன்னிரண்டு வருஷம் கேக்கல சார், மூணு மாசம்தான் கேக்கறேன், ஆனா மூணாவது மாசத்துல பெட்டி வரும்னு சொல்லிட்டுப் போய் உங்களை ஏமாத்த மாட்டேன்' என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். வாரத்துக்கு ஒரு மணி நேரம்தான் தந்தார், ஆனால் கோட் தந்தார். எனக்கு அதுதான் வேண்டியது. நேரம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை, டைம்ஷீட்டில் வரி வந்துவிட்டால் பிறகு வளர்க்கலாம்.

முதல் சில வாரங்கள் மோசமாகவே போயின. அந்த ஒரு மணி நேரத்தில் உட்கார்ந்தால் மனது மெயிலில் இருக்கும். பக்கத்து இருக்கைத் தம்பி 'அக்கா, ஒரு நிமிஷம்' என்று வருவான், அந்த ஒரு நிமிஷம் இருபது நிமிஷம் ஆகும். சும்மா படித்துக்கொண்டிருக்கிறாள் என்று மற்றவர்கள் நினைப்பார்களோ என்ற கூச்சம் வேறு. ஒரு வேலையைப் பாதியில் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனால் கவனத்தின் ஒரு பங்கு முந்தைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்று சோஃபி லெராய் 2009-இல் எழுதிய ஆய்வு காட்டியது, எனக்கு அது அப்படியே பொருந்தியது. அதனால் கற்கும் நேரத்தை நாளின் முதல் வேலையாக்கினேன், மெயிலைத் திறப்பதற்கு முன்னால். மதியத்துக்குத் தள்ளினால் போயேபோய்விடும். நாள்காட்டியில் 'படிப்பு' என்று போட்டால் அதன்மேல் மீட்டிங் வைப்பார்கள், அதனால் அந்த வாரம் படிக்கப்போகும் விஷயத்தின் பெயரையே போட்டேன், 'நெளி அட்டையின் வலிமை' என்பதுபோல. மீட்டிங் வைக்க வருபவர்கள் கொஞ்சம் யோசித்தார்கள். தம்பியிடம் நேராகவே சொன்னேன், 'பத்து மணிக்கு மேல எத்தனை தடவை வேணும்னாலும் வாப்பா' என்று. அவன் புரிந்துகொண்டான். கேட்டால் பெரும்பாலானவர்கள் புரிந்துகொள்கிறார்கள், நாம் கேட்பதில்லை.

பழக்கம் ஆவதற்கு 21 நாள் போதும் என்று ஒரு பேச்சு சுற்றிக்கொண்டிருக்கிறது. அதை நம்பி, அது நடக்காதபோது மனம் விட்டுப்போகிறவர்கள் நிறைய. லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் ஃபிலிப்பா லாலியும் உடன் பணியாற்றியவர்களும் செய்த ஆய்வில், ஒரு செயல் யோசிக்காமல் நடக்கும் பழக்கமாக மாற சராசரியாக 66 நாள் ஆனது, ஆளுக்கு ஆள் 18-லிருந்து 254 நாள் வரை வித்தியாசம் இருந்தது. அதில் எனக்கு மிகவும் பிடித்தது, நடுவில் ஒரு நாள் விட்டுப்போவது பெரிதாகப் பாதிக்கவில்லை என்ற முடிவு. டெட்லைன் வாரத்தில் விட்டுப்போனால் அடுத்த வாரம் வழக்கம்போல உட்காருங்கள். விட்டதைச் சேர்த்து இரண்டு மணி நேரமாக ஈடுகட்ட முயல வேண்டாம், நான் முயன்றபோதெல்லாம் அதற்கடுத்த வாரமும் சேர்ந்து போனது.

சரி, எதைக் கற்பது? இதைத்தான் எல்லோரும் என்னிடம் கேட்கிறார்கள். புதிய மென்பொருள் கற்றுக்கொள்வது அவசியம், ஆனால் அது வேகத்தைத் தரும், யோசனையைத் தராது. என் தொழிலில் எல்லோரும் ஒரே மென்பொருள், ஒரே டிசைன் தளங்கள், ஒரே விருது பெற்ற படங்களைத்தான் பார்க்கிறோம், அதனால் எல்லோருக்கும் ஒரே வளைவும் ஒரே இலையும்தான் தோன்றும். கொஞ்சம் தள்ளி இருப்பதிலிருந்துதான் வித்தியாசமானது வருகிறது. ஜப்பானில் ஷின்கான்சென் எனும் புல்லட் ரயில் சுரங்கத்துக்குள் அதிவேகத்தில் நுழையும்போது காற்றழுத்தம் கூடி, மறுமுனையில் வெடிபோல் சத்தம் கேட்டது. பொறியாளர் எய்ஜி நகாட்சு பறவை பார்க்கும் பழக்கம் உள்ளவர். காற்றிலிருந்து தண்ணீருக்குள் அதிகம் தெறிக்காமல் பாயும் மீன்கொத்தியின் அலகு 500 வரிசை ரயிலின் நீண்ட மூக்குக்கு மாதிரியானது. அந்த ரயில் 1997-இல் ஓட ஆரம்பித்தது. அவர் ரயிலைச் சரிசெய்யவென்று பறவை பார்க்கப் போகவில்லை, பறவையை ஏற்கெனவே தெரிந்துவைத்திருந்தார், பிரச்சினை வந்தபோது அது கைகொடுத்தது. இதில் எனக்கு விளங்கியது, தேவை வந்தபிறகு தேடிப் படித்தால் நமக்குக் கிடைப்பது எல்லோருக்கும் கிடைக்கிற பதில்தான். முன்னாலேயே படித்து வைத்திருக்க வேண்டும். அதற்காகத்தான் 'தவறாமல்' என்பதை நான் இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

நான் எடுத்துக்கொண்டது தாள் மடிப்பு. என் வேலைக்குப் பக்கத்தில் இருக்கிறது, ஆனால் என் வேலை இல்லை. வாரா வாரம் ஒரு மடிப்பு, அதன் கணக்கு, அதைக் கையால் செய்து பார்ப்பது. அதில் வந்ததுதான் கோர்யோ மியூரா என்ற ஜப்பானிய விண்வெளிப் பொறியாளரின் மடிப்பு. சாதாரண வரைபடத்தை மடித்தால் கோடுகள் நேர்கோணத்தில் வெட்டிக்கொள்ளும், ஒவ்வொரு கோடும் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் மடியும், அதனால் ஒருமுறை பிரித்தால் திரும்ப அதேபோல் மடிக்கவே வராது. மியூராவின் முறையில் ஒரு பக்கக் கோடுகள் கொஞ்சம் சாய்ந்து நெளிந்து போகும், தாள் முழுக்க இணைகரக் கட்டங்களாகும். எதிரெதிர் மூலைகளைப் பிடித்து இழுத்தால் முழுத் தாளும் ஒரே அசைவில் விரியும், தள்ளினால் அதே வழியில் மூடிக்கொள்ளும், ஒவ்வொரு மடிப்பும் மற்றதை இழுத்துக்கொண்டே போவதால் தவறாக மடிய இடமே இல்லை. 1995-இல் ஜப்பான் ஏவிய ஸ்பேஸ் ஃபிளையர் யூனிட் விண்கலத்தில் சூரியத் தகட்டு அமைப்பை இப்படி மடித்துச் சோதித்தார்கள். முதல் தடவை என் கையில் அது ஒரே இழுப்பில் விரிந்தபோது வந்த சந்தோஷம்... ரொம்ப நாள் கழித்து அப்படி ஒரு சந்தோஷம். யாருக்கும் பில் போட முடியாத சந்தோஷம், ஆனால் அதுதான் என்னை மறுபடி மேஜைக்கு இழுத்துவந்தது.

பல மாதங்கள் எதுவும் நடக்கவில்லை. அதையும் சொல்லவேண்டும். மூன்று மாதம் முடிந்தபோது காட்டுவதற்கு என்னிடம் மடித்த தாள்களும் ஒரு நோட்டுப் புத்தகமும்தான் இருந்தன. யோசனை பிறக்கும் விதத்தை 1926-இல் எழுதிய கிரஹாம் வாலஸ் அதை நாலு கட்டமாகப் பிரித்தார். தயாரிப்பு, ஊறவிடுதல், பளிச்சென்று தோன்றுதல், சரிபார்த்தல். இந்த ஊறவிடுதல் கட்டத்தில் வெளியே எதுவும் தெரியாது, மேனேஜர்களும் பொறுமை இழப்பார்கள், நாமும் இழப்போம். நான் செய்தது, மாதம் ஒருமுறை அரைப் பக்கத்துக்கு ஒரு குறிப்பு அனுப்பினேன். என்ன படித்தேன், எங்கள் எந்த வேலைக்கு என்றாவது உதவலாம் என்று நினைக்கிறேன், அவ்வளவு. வாக்குறுதி எதுவும் இல்லை. அந்தக் குறிப்புகளால்தான் கோட் நீடித்தது. படித்த ஒவ்வொன்றும் ஏதோ ஒரு கைப்பொருளாக முடியட்டும், ஒரு டம்மி, அதாவது கையால் செய்த மாதிரி, ஒரு வரைபடம், எதுவாக இருந்தாலும் சரி. அடுத்தவர் கையில் எடுத்துப் பார்க்கக்கூடியதாக இருந்தால் பேச்சு வளரும்.

பிறகு ஒரு மருந்து கிளையன்ட்டிடமிருந்து பிரீஃப், அதாவது என்ன வேண்டும் என்று சொல்லும் குறிப்பு வந்தது. மாத்திரைப் பெட்டிக்குள் இருக்கும் விவரத் தாளை நோயாளிகள் ஒருமுறை பிரித்தபின் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள், திரும்ப மடித்தால் பெட்டிக்குள் போவதில்லை, ஏதாவது செய்ய முடியுமா என்று. வாசகத்தில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது, வரிசையையும் மாற்ற முடியாது, அதெல்லாம் ஒப்புதல் வாங்கியது. அந்த பிரீஃபைப் படிக்கும்போதே என் கை மேஜை இழுப்பறையில் இருந்த தாளைத் தேடியது. மெல்லிய தாளில் ஒரு டம்மி செய்து அச்சகத்துக்கு எடுத்துப் போனேன். ஃபோல்டிங் மெஷின் ஓட்டும் பெரியவர் அதை நாலைந்து தடவை விரித்து மூடிப் பார்த்துவிட்டு, 'அழகா இருக்கும்மா, ஆனா இந்தச் சாய்வு மடிப்பு மெஷின்ல ஏறாது. நம்மகிட்ட நேர் மடிப்புதான்' என்றார். எனக்கு மனது விழுந்துவிட்டது. அவரே பிறகு உட்கார்ந்து, 'ஒரே இழுப்புல விரியணும், அதானே வேணும்?' என்று கேட்டு, விசிறிபோல் ஒரே திசையில் போகும் மடிப்புகளும் கடைசியில் ஒரே ஒரு குறுக்கு மடிப்பும் வைத்தால் என்ன ஆகும் என்று செய்து காட்டினார். மியூராவிடமிருந்து எங்களுக்கு மிஞ்சியது இரண்டு விஷயம். குறுக்கு மடிப்புகள் குறைந்தால் குழப்பம் குறையும், பிடித்து இழுக்க வேண்டிய மூலை எது என்று தாளே சொல்லவேண்டும். அந்த மூலைகளில் ஒரு நிறப் பட்டை வைத்தோம். மாத்திரை சாப்பிட மறந்துபோனால் என்ன செய்வது என்ற பகுதி மடிப்பில் உடையாமல் ஒரே பலகத்தில் விழும்படி எழுத்தின் அளவையும் பத்தியின் அகலத்தையும் சரிசெய்தோம். கிளையன்ட் தரப்பில் ஒரு வயதானவர் அதை விரித்துப் படித்து, திரும்ப மடித்துப் பெட்டிக்குள் தானே வைத்தார். அந்த வேலை எங்களுக்குக் கிடைத்தது. அடுத்த மதிப்பீட்டில் நின்றுபோன சம்பள உயர்வு வந்தது, பழைய பாக்கி வரவில்லை. சோப்பு கிளையன்ட் திரும்பவும் வரவில்லை.

எனக்கு வாய்த்த மேனேஜர் காதுகொடுத்துக் கேட்டார். எல்லோருக்கும் அப்படி வாய்க்காது என்று தெரியும். கோட் கேட்டு மறுத்துவிட்டால், நடந்துகொண்டிருக்கும் வேலைக்குள்ளேயே இடம் தேடுங்கள். ஒவ்வொரு புதிய பிரீஃபின் தொடக்கத்திலும் 'ஆய்வு' என்று அரை மணி நேரம் வேலைக்கான நேர மதிப்பீட்டிலேயே சேர்த்துப் போடலாம், பெரும்பாலான இடங்களில் அதை யாரும் கேள்வி கேட்பதில்லை, அது நேர்மையான நேரமும்கூட. ஷிஃப்ட் வேலையில் இருக்கும் என் தோழி ஒருத்தி, ஷிஃப்ட் மாறும்போது ஒப்படைப்புக்காக நின்று பேசும் நேரத்தில், சக ஊழியர் ஒருவரிடம் அன்று தெரிந்துகொண்ட ஒன்றைச் சொல்லிக் கேட்பதை வழக்கமாக்கியிருக்கிறாள். மூடிவைத்து நினைவிலிருந்து சொல்வதுதானே அதுவும். வீட்டிலிருந்துதான் நேரம் எடுத்தாக வேண்டும் என்றால் தூக்கத்தில் கைவைக்காமல், வார விடுமுறையில் ஒரு காலைப்பொழுதை வீட்டாரிடம் வெளிப்படையாகக் கேட்டு வாங்குங்கள். பெண்களுக்கு இது கஷ்டம் என்று தெரியும், எனக்கும் இருந்தது. அந்த நேரத்தில் வீட்டில் யார் எதைப் பார்த்துக்கொள்வது என்று பெயர் சொல்லிப் பிரித்துக்கொண்டபிறகுதான் என் வீட்டில் அது நடந்தது, 'கொஞ்சம் நேரம் குடுங்க' என்று பொதுவாகக் கேட்டவரை நடக்கவில்லை.

எங்கள் பிரிவில் இப்போது கற்றலுக்கான அந்த டைம்ஷீட் கோட்-ஐ இன்னும் நாலு பேர் பயன்படுத்துகிறார்கள். பக்கத்து இருக்கைத் தம்பி பழைய அச்சு எழுத்துகளைப் படிக்கிறான், காலையில் அவன் மேஜைக்குப் போய் 'ஒரு நிமிஷம்' என்று நான் நிற்பதில்லை. நீங்கள் ஆரம்பிப்பதாக இருந்தால் இந்த வாரம் டைம்ஷீட்டையோ நாள்காட்டியையோ எடுத்து, பழைய வேலையையே திரும்பச் செய்ததில் போன மணி நேரங்களை மட்டும் ஒரு தாளில் கூட்டிப் பாருங்கள். மேனேஜரிடம் போகும்போது கையில் இருக்கவேண்டிய தாள் அதுதான்.